கருநீலக் கதவு

கோவிந்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊரார் பேச்சு. முழுக்க உண்மையில்லை. பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். அன்று விடியலில், தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்த மகனுடைய புதுக் காரின் கதவில் சாவியால் கீறியிருந்ததைப் படிக்க எழுத்துக் கூட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துவரும் சாதிப் பெயர். அதற்குக் கீழே, காருக்குச் சொந்தக்காரனைப் பெற்றவளைப் பற்றி ஓர் அசிங்கம். அதாவது அவளைப் பற்றி.

கார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகன் தென்னரசு திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான். காணையைத் தாண்டியிருக்கும் இந்த ஊரிலிருந்து விழுப்புரத்துக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று வருடக் கணக்கில் அலைந்தவன். காலனியில் முதல் கார் அவனுடையதுதான். கருநீலம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினான். அந்த நிறத்தில் தூசு விழுந்தாலும் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். தெரியட்டுமே என்றான்.

வாங்கிய கையோடு திண்டிவனத்தில் முஆத் என்பவரிடம் விட்டுப் பூச்சு போட்டுக் கொண்டுவந்தான். முஆத் கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பெரிய பெரிய கார்களைப் பளபளப்பாக்கிப் பழகிய கை. செராமிக் கோட்டிங் என்று அதற்குப் பெயர். கண்ணாடி மாதிரி இருந்தது. கோவிந்தம்மாள் தன் முகத்தைக் கதவில் பார்த்து வெட்கப்பட்டாள்.

"இதும்மேல எதுவும் ஒட்டாதும்மா. மண்ணு ஒட்டாது, மழை ஒட்டாது, காக்கா எச்சம்கூட வழுக்கிக்கினு பூடும். ஆனா இந்தத் துணியாலதான் தொடைக்கணும். முந்தானைய எடுத்துக்கினு வந்து தேய்ச்சிடாத" என்றான் தென்னரசு.

எதுவும் ஒட்டாது என்றால் எதுவும் ஒட்டாது என்றுதான் அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அந்தப் பூச்சு காக்கையைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்தது. இந்த ஊரைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்ததில்லை.

முதல் நாளே அவளை முன் சீட்டில் உட்காரவைத்து ஊர்த்தெரு வழியாக ஓட்டினான். காலனிக்கு வேறு வழியும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிடு என்று அவள் கெஞ்சினாள். "எதுக்கு ஏத்தணும்? காத்து வரட்டும்" என்று மெதுவாக ஓட்டினான். கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் இறங்கி ஓரமாக நடந்த தெரு. பயத்துக்கு நடுவிலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது கதவைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

தென்னரசு இதைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் மாரியப்பனும் இப்படித்தான், திருவிழாவில் யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள் என்று கேட்கப் போனார். முழங்கை உடைந்து திரும்பி வந்தார். விழுப்புரம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, வழக்கு முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். அப்பா இடது கையால் சோறு அள்ளித் தின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இவன். முன்கோபம் அவருக்கு மேல். இவனும் கேட்கத்தான் போவான். திரும்பி வருவானா?

வீட்டுக்கு ஓடி ஏனம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துவந்தாள்.

முதல் இழுப்பு. பிள்ளையின் முதுகுத் தோலை உரிப்பதுபோல் இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். எழுத்தின் மேலேயும் குறுக்கேயும், அடிப்பிடித்த குண்டானைத் தேய்க்கிற வேகத்தில் தேய்த்தாள். நீலம் மங்கி வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் ஆயிற்று. அந்தப் புகைக்குள் எழுத்தெல்லாம் முங்கிப்போனது. கம்பி பிய்ந்து விரல் நுனியெல்லாம் கிழிந்தது. நன்றாகக் குனிந்து பார்த்தாள். வெறும் தேய்த்த தடம்தான் இருந்தது, வார்த்தை இல்லை. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பல் விளக்கிக்கொண்டே வந்த தென்னரசு அப்படியே நின்றுவிட்டான்.

"என்னாம்மா பண்ணிவெச்சிருக்க?"

"காக்கா எச்சம் காஞ்சிக் கிடந்துச்சுடா. துணிக்குப் போவல."

"கம்பி நாராலயா தேய்ச்ச?" கதவைத் தடவினான். அவன் உதடு கோணியது. சின்ன வயதில் அழுகைக்கு முன்னால் கோணுகிற மாதிரியே. "உனுக்கெல்லாம் எதுக்கும்மா காரு? நீ ஏனம் தேய்க்கத்தான் லாயக்கு."

மனசு வலித்தது. இருந்தாலும் அந்த ஏச்சைப் பிரசாதம்போல வாங்கிக்கொண்டாள். திட்டிவிட்டானென்றால் நம்பிவிட்டான் என்று அர்த்தம்.

அன்றைக்கே திண்டிவனம் கிளம்பினான். அவளும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டாள்.

முஆத் கதவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "கவலப்படாதீங்கம்மா. மேலால தேய்ஞ்சதுதான். மிஷின் போட்டா பூடும்."

நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். மருந்தைத் தடவி, பஞ்சுச் சக்கரம் சுற்றும் மிஷினைக் கதவில் வைத்தார். வெள்ளைப் புகை கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் கருநீலம் திரும்பி வந்தது. தென்னரசின் முகமும் தெளிந்துகொண்டு வந்தது. கோவிந்தம்மாள் மட்டும் கதவுக்கு இன்னும் கிட்டே போனாள். புகை போன இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் ஒரு சுழி. நார் மேலோட்டமாகத்தான் தேய்த்திருந்தது, சாவி ஆழமாகப் போயிருந்தது. அவர் தேய்க்கத் தேய்க்க அது பளிச்சென்று வந்தது.

"போதும் தம்பி. வுட்டுடுங்க. இதுவே நல்லாத்தான் இருக்குது."

"இருங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்ற முஆத் அதற்குள் படித்துவிட்டார். மிஷினை நிறுத்தினார். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கதவின்மேல் தொங்கவிட்டார். தொங்கவிட்டு என்ன, தென்னரசு அதற்கு முன்பே படித்திருந்தான்.

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஆழமா இருக்குது சார். நகம் மாட்டுது பாருங்க" என்று முஆத் தரையைப் பார்த்துச் சொன்னார். "டோருக்கு பெயிண்ட்தான் அடிக்கணும்."

தென்னரசு அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினான். விரல் நுனிகளைப் பார்த்தான். காலையில் இதைக்கூடப் பார்க்காமல்தான் அவளை அப்படி ஏசியிருந்தான்.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுடா. சத்தியமா தெரியாது." அவன் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள். "கேக்கப் போவாத சாமி. உங்கப்பன் கைய நெனச்சிக்க. எனக்கு நீ இருந்தா போதும், காரு கதவு எப்படி இருந்தா என்னா?"

கதவில் தொங்கிய துணியைச் சரியாக இழுத்துவிட்டு அவன் சொன்னான். "நான் யாரையும் கேக்கப் போறதில்லம்மா."

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அவன் முடிக்கவில்லை.

"இந்த வண்டி இனிமே ஊருக்கு வராது. நானும் வரமாட்டேன். இங்கயே ரூம் பாத்துக்கறேன். உன்னப் பாக்கணும்னா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன், நீ அங்க வந்துடு. அந்தத் தெருவுல என் காலு படாது."

நீயும் என்னோடு வந்துவிடு என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று காத்திருந்தாள். ஒரு ரூமில் அவளை வைத்துக்கொள்ள முடியாதுதான், அதுவும் அவளுக்குப் புரிந்தது. மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒவ்வொரு விரலுக்கும் அவனே சுற்றிவிட்டான். ரத்தம் எடுத்துப் பழகிய கை, வலிக்கவே இல்லை. பிறகு பஸ் ஏற்றிவிட்டான்.

சாயங்காலம் ஊர்த்தெருவில் இறங்கி நடந்தாள். பால் சொசைட்டி வாசலில் நின்ற பெரியசாமிக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும்.

"என்னா கோவிந்தம்மா, நடந்து வர்ற? வண்டி எங்க?"

"வெயில்ல நின்னா கலரு பூடுமாங்க. திண்டிவனத்துலயே நெழல்ல வுட்டுட்டாங்க."

"அதுவும் சரிதான். புது வண்டி பாரு, ஜாக்கிரதையாத்தான் வெச்சிக்கணும்" என்றான் அவன். அவன் விரலில் பைக் சாவி சுற்றிக்கொண்டிருந்தது. அவளால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எதிர்த் திண்ணையில் இருந்தவன் மடியிலும் சாவி, டீக்கடைக்காரன் இடுப்பிலும் சாவி. இந்தத் தெருவில் யாரிடம்தான் சாவி இல்லை? நேற்றுவரை அவள் அதைக் கவனித்ததே இல்லை.

பிளாஸ்திரி சுற்றிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். தொட்டி ஓரம் கார் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அவள் போட்டுவிட்டுப் போன கம்பி நார் அங்கேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ராத்திரி ஏனம் தேய்க்க வேண்டுமே. தேய்ப்பதற்கு இனி ஒரு தட்டுதான்.