மெக்கானிக் மேலே போன வழி

லாரி மெக்கானிக் இறந்த அன்று மதியம், குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்த கட்டிலிலிருந்து அவர் உடம்பு மெல்ல எழும்பி, கூரைத் தகரத்தில் மூக்கு இடிக்க நின்றுவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் வெளியே போய் வராதவர்களையும் கூட்டி வந்தார்கள். ஆள் மிதப்பது பெரிய விஷயமாகப் படவில்லை. எந்தத் தைரியத்தில் மிதக்கிறார் என்பதுதான் பேச்சு. ஏனென்றால் அவர் கடைசிவரை ஞானஸ்நானம் வாங்காதவர். மனைவி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள். அவள் தம்பி அதே தெருவில் தனிச்சபை நடத்தும் பாஸ்டர். மெக்கானிக்கோ இரண்டு இடத்துக்கும் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் மட்டும்தான் போவார்.

கோயில் ஃபாதரும் வந்தார், தம்பியும் வந்தான். தண்ணீர் படாதவருக்கு மோட்சம் கிடையாது என்பதில் இருவருக்கும் ஒற்றுமை, அதோடு சரி. ஞானஸ்நானம் வேண்டுமென்று மனதார ஆசைப்பட்டிருந்தால் அதுவும் செல்லும், திருச்சபை மரபு அப்படி என்று ஃபாதர் ஒரு சன்னலைத் திறந்தார். வேதத்தில் எழுதாத சன்னல் எதற்கு என்று தம்பி அதைச் சாத்தினான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள், அது வேதத்தில்தானே இருக்கிறது என்று ஃபாதர் மடக்கினார். “அவன் வாயைத் திறந்து ஆண்டவரைக் கூப்பிட்டான், ஃபாதர். எங்க மாமா வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான் வரும்” என்றான் தம்பி, அழுதுகொண்டே. மாமா என்றால் அவனுக்கு உயிர்.

முடிவு தெரியும்வரை அவரைப் போகவிடக் கூடாது என்று தீர்மானமாயிற்று. ஸ்டூல் போட்டு ஏறிக் கீழே இழுத்தார்கள். தம்பி தன் கனத்த வேதாகமத்தை அவர் நெஞ்சில் வைத்தான். ஃபாதர் ஆளனுப்பி, புனிதர்களின் வரலாறும் திருச்சபைச் சங்கங்களின் தீர்மானங்களுமாகத் தடித்தடிப் புத்தகங்களை வரவழைத்து வயிற்றில் அடுக்கினார். மெக்கானிக் அத்தனையையும் சுமந்துகொண்டு மறுபடியும் மேலே போனார்.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தாள். கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷன் நரகத்துக்குப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவள் ஜெபத்தில் வேறு விண்ணப்பமே இருந்ததில்லை. மேசைமேல் ஏறி, புத்தகங்களை எடுத்து அவரவர் கையில் கொடுத்தாள். பிறகு புருஷனுடைய ஸ்பேனரால் கூரை போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“அக்கா, தீர்ப்பு சொல்ல நாம யாரு?”

“தீர்ப்பு யாருடா கேட்டா? தகரத்தைப் பிடி. அங்க போய் அவரு பேசிக்குவாரு.”

சட்டை படபடக்க மெக்கானிக் மேலே போனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியாகி மறைந்தார். மேலே போவது வேறு, உள்ளே நுழைவது வேறு என்று ஃபாதரும் தம்பியும் அன்று சாயங்காலமே அடுத்த விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவள் கூரையை மூடவில்லை. உள்ளே விடாவிட்டால் அவர் திரும்பி வர வழி வேண்டுமே என்றாள். மழை நேராக வீட்டுக்குள் பெய்தது. கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தும் நனைந்தாள், காய்ச்சலில் கிடந்தாள், யார் கெஞ்சியும் மசியவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒருநாள் காலையில் அவளே கூரைக்காரரைக் கூப்பிட்டுத் தகரத்தைப் போடச் சொன்னாள். தம்பி பதறி ஓடி வந்தான். பின்னாலேயே ஃபாதரும் வந்தார்.

“மாமா உள்ள போயிட்டாருன்னு உனக்கு யாருக்கா சொன்னா?”

“யாருடா சொல்லணும்? உங்க மாமா எந்தக் கதவு முன்னாடியாவது பொறுமையா நின்னு பார்த்திருக்கியா? விடலேன்னா அன்னைக்கே சண்டை போட்டுட்டு வீடு வந்து சேர்ந்திருப்பாரு. நாந்தான் கூறுகெட்டத்தனமா இத்தனை வருஷம் பயந்து செத்தேன்.”

தம்பி போய்க் கூரைக்காரரின் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஃபாதரும் தலையாட்டினார். மெக்கானிக்கை அவருக்கும் தெரியும். கூரைக்காரர் வேலையை முடித்து இறங்கியதும் அவள் கட்டிலை நடுவீட்டில் இழுத்துப் போட்டாள். வெளியே மழை பிடித்தது. அவள் போர்வையைக்கூடத் தேடாமல் படுத்துத் தூங்கிப்போனாள்.