நான்காம் எண் காலுறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கொடியிலிருந்து கிடைத்தது. எதிர்வீட்டுப் பெண் ஓடில் ஆறு கம்பளிக் காலுறைகளைக் காயப்போட்டிருந்தாள். ஒன்றுக்கும் ஜோடி இல்லை; ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஓர் எண். மார்ன் ஆற்றங்கரையில், ஷாம்பெய்ன் ஒயின் செய்யும் எங்கள் ஊரில் அது எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். மார்ச் வந்தால் ஒயின் கலக்க வேண்டும். கலக்குமுன் புட்டிகளுக்குக் காலுறை மாட்டி, சுவைத்து, இருபதுக்கு மதிப்பெண் போட வேண்டும். எது யாருடையது என்று தெரிந்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும்.

நான்காம் எண் காலுறை மட்டும் குதிகாலில் கிழிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். ஓடில் சிரித்தாளே தவிர முழுதாகச் சொல்லவில்லை. மீதியை நான் எழுத வேண்டியதாயிற்று.

2

"பனி மூடிய அந்தக் காலையில் திராட்சைக் கொடிகள் எல்லாம்..."

(அடித்துவிட்டேன். ஷாம்பெய்ன் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.)

"ஓடில் கையெழுத்துப் போடவேண்டிய கடிதம் மேசைமேல் இருந்தது."

இது பரவாயில்லை. நகரத்துப் பெரிய ஒயின் வியாபாரி அனுப்பிய கடிதம் அது. கையெழுத்துப் போட்டால், ஓடிலின் பிறந்தவீட்டுத் தோட்டத்து ஷார்டோனே திராட்சை இன்னும் மூன்று வருடம் அவர்களுக்கே போகும். வேறு யாரோ பெயர் ஒட்டிய புட்டியில் கரையும். போடாவிட்டால், கணவன் அன்செல்மின் மெனியே திராட்சையோடு சேர்ந்து, முதன்முறையாக இருவர் பெயரிலும் ஒரு ஷாம்பெய்ன் வரும். மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றுதான். பன்னிரண்டு வருடமாக வீட்டு வாசலில் அவன் பெயர். தபாலில் அவன் பெயர். தன்னுடையது என்று மிச்சமிருப்பது அந்த வெள்ளைத் திராட்சை. அதையும் கலந்துவிட்டால்?

ஷார்டோனே எலுமிச்சைபோல நேராக வெட்டும். இளமையில் முகம் கொடுக்காது, வயதாக ஆகத்தான் அழகு. மெனியே கருப்புத் திராட்சை.* ஆப்பிளும் பேரிக்காயும் மணக்க, முதல் வாயிலேயே உறவு கொண்டாடும். ஆனால் நாள்பட நிற்காது என்பது ஊர்ப்பேச்சு. ஓடிலின் பேச்சும் அதுவே.

(* கருப்பிலிருந்து எப்படி வெள்ளை ஒயின் என்று கேட்பீர்கள். மெதுவாகப் பிழிந்தால் தோலின் நிறம் சாற்றில் இறங்காது. வீட்டு மனிதர்களுக்கும் இது பொருந்துமென்று ஒரு வரி எழுதி, எடுத்துவிட்டேன்.)

3

காலுறை மாட்டியவள் அன்செல்மின் தங்கை மிரேய். புட்டிகளின் வரிசை அவளுக்கு மட்டுமே தெரியும். அவள் பங்கு பினோ நுவார், கலவைக்கு உடம்பும் தோளும் கொடுக்கிற கருப்புத் திராட்சை. நான்காவது புட்டியை ஊற்றினாள்.

ஓடில் முகர்ந்து ஒரு வாய் உறிஞ்சினாள். கண் கலங்கிவிட்டது.

"இது எங்கப்பா செஞ்சது. விக்காம வீட்டுக்குன்னு எடுத்து வெச்சது. பதினேழு."

"பதினொண்ணு," என்றான் அன்செல்ம்.

"என்னது? உன் மெனியேவுக்கு நான் என்னிக்காவது பதிமூணுக்குக் கீழ போட்டிருக்கேனா?"

"போன வருஷம் ஒன்பது."

"அது ஒன்பதுக்கே லாயக்கில்ல!"

"அண்ணி, வாயில இருக்கிறத துப்பிட்டு அப்புறம் திட்டுங்க," என்று மிரேய் வாளியைத் தள்ளினாள். "பல்லு கூசும்."

ஓடில் துப்பினாள். "உன் ஒயின் கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மாதிரிய்யா. வந்ததும் எல்லாரையும் கட்டிப் பிடிக்கும், சாயங்காலம் ஆளே இருக்காது. இது பாரு, எத்தன வருஷம் பொறுமையா நின்னிருக்கு! இதுக்கா பதினொண்ணு?"

புட்டியைக் காட்ட அவள் இழுத்த வேகத்தில் காலுறை குதிகாலில் கிழிந்தது. புட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் அன்செல்மின் கோணல் எழுத்து: மெனியே. கீழே அவர்கள் கல்யாணம் நடந்த வருடம்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அவன் வைத்த பொறியோ? அப்படித்தான் முதலில் எழுதினேன். ஆனால் தினமும் பார்க்கிற ஆளாயிற்றே. பொறி வைக்கிற முகமில்லை. முகர்ந்ததுமே தன்னுடையது என்று தெரிந்திருக்கும். சொந்த ஒயினுக்கு அதிகம் போடுவது இங்கே வெட்கக்கேடு. அதனால்தான் பதினொன்று.)

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"நீ அதப் புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் கேட்டுக்கலாமேன்னு..."

"அப்போ அப்பாவோடது?"

மிரேய் இரண்டாம் எண்ணை உருவினாள். மதிப்பெண் தாளில் அதற்கு ஓடில் போட்டது பன்னிரண்டு. அன்செல்ம் போட்டது பதினெட்டு.

ஓடில் உட்கார்ந்துவிட்டாள். "கலந்துட்டா என்னோடது எதுன்னு எனக்கே தெரியாம போயிடும்னு பயந்தேன்."

"கலக்காமலே தெரியலையே அண்ணி."

4

முதல் முடிவு: அவள் கோபத்தில் கையெழுத்துப் போடுகிறாள். (காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டவள் அப்படிச் செய்திருப்பாளா?)

இரண்டாம் முடிவு: அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள். என் நாவல்களில் பலர் அழுதிருக்கிறார்கள். ஓடில் கைகொட்டிச் சிரிப்பாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் மிரேயின் பினோ கொஞ்சம், அன்செல்மின் மெனியே கொஞ்சம். ஈரக் குழாயை அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் வட்டமாக நீர் ஊறிவிட்டது. ஓடில் தன் ஷார்டோனேயைத் தூக்கிச் சாய்க்கிறாள்.

"போதும்னா சொல்லு," என்கிறாள்.

"நீயே சொல்லு," என்கிறான் அன்செல்ம்.

அதிகம் ஊற்றினால் பல வருடம் காத்திருக்கச் சொல்லும் ஷாம்பெய்ன். குறைத்தால் அடுத்த விருந்துக்கே சிரித்துக்கொண்டு வரும். எந்தக் கோட்டில் நிறுத்துவதென்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், புட்டி கனமானது, அவள் கை வலிக்கும்.