உப்புக்காரன் இறங்கி வந்த நாள்

லண்டன் மனோர் பார்க்கில் சண்முகராசாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட வந்த சனமும் கலைந்த அந்த ஞாயிறு, டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. அவருடைய மனைவி குமுதினி பார்த்துக்கொண்டு நின்றாள். மார்ச் மாதத்துச் சுமோ மல்யுத்தப் போட்டி பதிவாகிக்கொண்டிருந்தது. மனுசன் போகுமுன் சொல்லிவைத்த வேலையைப் பெட்டி மறக்கவில்லை.

அந்தப் பைத்தியம் அவருக்கு ஜெர்மனியில் பிடித்தது. அகதி முகாமில் ஆறு பேருக்கு ஒரு அறை, ஒரு டிவி. பாஷை தெரியாதவர்களுக்குப் பாஷை வேண்டாத விளையாட்டு. லண்டனுக்கு வந்து தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அது அவரை விடவில்லை. வருடத்துக்கு ஆறு போட்டி, ஒவ்வொன்றும் பதினைந்து நாள். எட்டு நாள் வென்றால் தரவரிசையில் ஏறலாம், இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். வாயில் நுழையாத ஜப்பான் பெயர்களை விட்டுவிட்டு எல்லாருக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். அவருக்கு உயிர் உப்புக்காரன். மற்றவர்கள் மேடையைச் சுத்தப்படுத்தக் கொஞ்சமாய் உப்பு எறிய, இந்தத் தடியன் மட்டும் கை நிறைய அள்ளிக் கூரைக்கு எறிவான். சண்முகராசாவும் குசினிக்குள் வந்து உப்புப் போத்தலுக்குள் கையை விட்டு, "இந்தா, உப்புக்காரன் வாறான்!" என்று குழம்புக்கு மேலே கையை ஓங்குவார். குமுதினி அகப்பையோடு துரத்துவாள்.

"அந்த மேடையில பொம்பிளையள் கால் வைக்கேலாது, தெரியுமே?" என்றார் ஒருநாள்.

"பெத்த தாயுமோ?"

"ஓம். தாயும் கீழதான்."

"நல்ல சனம்," என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரித்தாள்.

பெப்ரவரியில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லை. லண்டனில் இப்போது பெண்கள் சுடலைக்குப் போகாமலா இருக்கிறார்கள்? போய் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆனால் சண்முகராசாவின் தமையன் தில்லையம்பலம் பழைய கட்டை. "எங்கட குடும்பத்தில பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை, பிள்ளை," என்று முடித்துவிட்டார். பழியை முழுக்க அவர் தலையில் போடவும் முடியாது. குமுதினி ஒரு சொல் மறுத்திருக்கலாம், தலையை ஆட்டிவிட்டாள். வாசலில் நின்று கார்கள் முடக்கால் திரும்பும்வரை பார்த்தாள். சுடலை பஸ்ஸில் நாலு தரிப்புத் தூரம்.

அதோடு அவளுக்குள் எல்லாம் மரத்துப்போனது. அழுகை வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போனாள், பிள்ளைகளின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள், வந்தாள். கோட்டை மறந்து வெறும் பிளவுசோடு தெருவில் நடப்பாள், குளிரும் தெரியாது. தில்லையம்பலத்தின் மனைவி சுசிலா கண்ட இடத்தில் ஏசுவாள்: "கோட் எங்கையடி? விறைச்சுச் சாகப்போறாய்!" கோயிலில் யாரோ தன்னைக் கல்லு என்று சொன்னதும் அவள் காதில் விழுந்தது. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுசனில் எனக்கு அன்பே இருக்கவில்லையோ? அந்தப் பயம் ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது.

சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில்தான் கரைக்கவேண்டும் என்று தில்லையம்பலம் ஒற்றைக்காலில் நின்றார். நாட்டிலோ சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. ஆகவே சண்முகராசா தமையன் வீட்டுக் கராஜில், பெயின்ற் ரின்களுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் சாடிக்குள் இருந்தார். குமுதினி ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வேலையால் வந்து, சோற்றுக் கோப்பையோடு, பதிவானதைப் பார்ப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மே மாதம் உப்புக்காரனுக்கு ஆறு வெற்றி. ஜூலையில் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நாலு. செப்டம்பரில் ஐந்தாம் நாள் விழுந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். விளையாட்டை விடுகிறான் என்று அறிவிப்பாளன் சொன்னான். சரி, என்று கோப்பையைக் கழுவப் போனாள்.

ஜனவரிக் கடைசியில் பெட்டி ஒரு விசேஷ நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருந்தது. உப்புக்காரனின் குடுமி வெட்டும் சடங்கு. விலகும் மல்லனுக்கு அப்படித்தான் பிரியாவிடையாம். நடு மேடையில் அவன் பட்டு அங்கியோடு அசையாமல் இருந்தான். நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி, கத்தரிக்கோலால் நாலு மயிரை வெட்டிவிட்டு இறங்கினார்கள். கமரா ஒருதரம் கீழே திரும்பியது. முன்வரிசையில் ஒரு சின்ன மனுசி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தாய், என்றான் அறிவிப்பாளன்.

கடைசி வெட்டுக்கு முன்னம் உப்புக்காரன் எழும்பினான். மேடையை விட்டு இறங்கினான். அவ்வளவு பெரிய உடம்பை மடித்துத் தாய்க்கு முன்னால் முழங்காலில் நின்று தலை குனிந்தான். அவள் கத்தரிக்கோலை வாங்கி வெட்டினாள். தாய்க்கு ஏறத்தான் தடை, மகனுக்கு இறங்க யாரும் தடைபோடவில்லை.

குமுதினி அதைத் திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொருதரம். சோறு ஆறிப்போனது.

பெப்ரவரியில் வருடம் முடிந்து ஆட்டைத்திவசம். கீரிமலைக் கதையைத் தில்லையம்பலம் ஒருவாறு கைவிட்டு, சவுத்எண்ட் கடல் போதும் என்று இறங்கி வந்திருந்தார். அவர் வீட்டில் பெண்கள் படையலுக்குச் சமைப்பது, ஆண்கள் வான் வண்டியில் கடலுக்குப் போவது என்று ஏற்பாடு. வானை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டதும் குமுதினி அடுப்பை அணைத்தாள். வெளியே போய் முன் சீற்றில் ஏறி பெல்ற்றையும் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளை, பொம்பிளையள் வாறேல்லை..."

"போன முறை வாசலில நிண்டனான், அத்தான். இந்த முறை ஏலாது."

என்ன நினைத்தாரோ, தில்லையம்பலம் கியரைப் போட்டார். சுசிலா வாசலுக்கு ஓடிவந்து, "கோட்! கோட்!" என்று கத்தினாள். வான் முடக்கால் திரும்பிவிட்டது.

கடல் ஏறும் நேரத்தைத் தில்லையம்பலம் துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் கரைவரை வந்து நின்றது. சாடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

குமுதினி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். திருநீறுபோல இருக்கும் என்று நினைத்துக் கையை விட்டாள். அப்படி இல்லை. கல்லுப்புப்போல நறநறவென்று இருந்தது. கை நிறைய அள்ளினாள். கையை ஓங்கி வானத்துக்கு எறிந்தாள்.

"மெதுவா, பிள்ளை!" என்று பதறினார் தில்லையம்பலம்.

காற்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் பிளவுசில் போட்டது. அவள் தட்டவில்லை. இன்னொரு கை எறிந்தாள். சாடி முடியும்வரை எறிந்தாள். அப்போதுதான் கால் விறைப்பது தெரிந்தது. விறைப்பு முழங்காலுக்கு ஏறி, வயிற்றுக்கு ஏறி, பல்லுக்கு வந்தது.

"குளிருது," என்றாள். தன் குரல் தனக்கே கேட்டதும் அழத் தொடங்கினாள். "அத்தான், எனக்குக் குளிருது!"

தில்லையம்பலம் சப்பாத்தோடேயே தண்ணீருக்குள் இறங்கி வந்து, தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார்.