டியூட்டி ஒப்படைப்பு

"மெட்டியையும் கழட்டு, கேட்டயா? ஹோம் நர்ஸ் எங்கேயாவது மெட்டி போட்டுண்டு வருவாளா?"

நாகலக்ஷ்மி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதில் மருமகள் மீராவின் மூக்குத்தி ஏற்கெனவே கிடந்தது. மீரா குனிந்து மெட்டிகளைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். தாலியை யூனிஃபார்முக்குள் தள்ளிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பாலக்காட்டிலிருந்து பெண்வீட்டார் வருகிறார்கள். இளையவன் கைலாஷுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள். மூத்த மருமகள் நர்ஸ் என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடுமென்று நாகலக்ஷ்மி பயந்தாள். அதனால் போனிலேயே சொல்லிவிட்டாள்: மூத்தவள் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள், படுக்கையில் கிடக்கும் தன் கணவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹோம் நர்ஸ் வருகிறாள்.

"மூணரைக்கு நான் கிளம்பணும்மா. நாலு மணிக்குப் பிராக்டிகல்."

"போயிக்கோ, யார் வேண்டாம்னா? அதுவரைக்கும் நீ ரெம்யா. பாறசாலைக்காரி."

ரெம்யா மீராவோடு பயிற்சி எடுப்பவள். ஒருமுறை இந்த வாசலுக்கு வந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காமல் திரும்பியவள்.

மீரா கணவனைப் பார்த்தாள். வெங்கிடேஷ் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அரை மணி நேரம்தானே? அட்ஜஸ்ட் பண்ணு."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ஆறு மாதப் பயிற்சி இன்றைய தேர்வோடு முடிகிறது. தவறவிட்டால் ஆறு மாதமும் வீண். அங்கே ஒரு மானிட்டர் அலறினால் டாக்டர் முதலில் மீராவின் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக, கப்பலேறுகிறவளைப் போல அவள் தினமும் வலியசாலை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்தால் பின்வாசல். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரலாம். அடுக்களைப் பக்கம் போகக்கூடாது.

மாமனார் சாம்பசிவன் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். அவரைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் மீராதான். ஆனால் அவள் கஞ்சியை நீட்டினால் இடது கையால் தட்டிவிடுவார். பேச்சு போன அவர் வாய்க்கு அவள் தினமும் பயிற்சி கொடுத்தாள். ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது: மீரா. பெட்பான் வேண்டும்போது மட்டும் அதைச் சொல்வார்.

பெண்ணின் அப்பா பிச்சுமணி கூடத்தில் காப்பியோடு உட்கார்ந்தார். அம்மா பத்மஜா நேராக நோயாளியின் அறைக்கு வந்தாள்.

"எட்டு மாசமாப் படுக்கையா? முதுகுல ஒரு புண் இல்லையே!" மீராவிடம் மலையாளத்துக்கு மாறினாள். "மோளே, வீடு எவிடெயா?"

"பாறசாலை. ரெம்யான்னு பேர்" என்று நாகலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

பத்மஜா புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டாள். "அடுக்களைக்குள்ளே விடறதில்லையே?"

"ஐயோ, இல்லவே இல்லே. பின்வாசல்தான். குளிச்சுட்டுத்தான் உள்ளே. அவர் வாயில ஒரு சொட்டு ஜலம் இவ கையால போகாது."

பெயரையும் ஊரையும் தவிர இந்த அறையில் மாமியார் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது மீராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சமத்தா வெச்சிருக்கேள் மாமி. எங்காத்துக்கு ஒருத்தி வந்தா, நேரா சோபாவுல உக்காந்துட்டா!"

"பத்மஜாவை எழுந்திருக்கச் சொல்லாத குறைதான்!" கூடத்திலிருந்து பிச்சுமணி சேர்ந்துகொண்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். வெங்கிடேஷும் சிரித்தான்.

மணி மூன்றரை. "நேரமாச்சு" என்றாள் மீரா.

"இன்னிக்கு லேட்டாப் போனாப் போறும், ரெம்யா" என்றாள் நாகலக்ஷ்மி. "ஏஜென்சிக்கு நான் சொல்லிக்கறேன்." விருந்தாளிகளின் முன்னால் மீரா வாய் திறக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

மீரா கையைக் கழுவிக்கொண்டாள். பொறுப்பை இன்னொருவர் வாங்கிக்கொள்ளாமல் படுக்கையை விட்டு நகரக்கூடாது. பயிற்சியின் முதல் பாடம் அது. கூடத்துக்குப் போய் இரண்டு கையுறைகளை வெங்கிடேஷின் மடியில் வைத்தாள்.

"சார், ஹேண்ட் ஓவர்."

அவன் விழித்தான்.

"பேஷண்ட் சாம்பசிவன், எழுபத்தாறு வயசு. பிரஷர் நூத்தி நாப்பது, தொண்ணூறு. நாலு மணிக்கு இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கணும். ரெண்டு நாளா மோஷன் போகலை. மருந்து குடுத்திருக்கு, எப்போ வேணும்னாலும் போகும். பெட்பான் கட்டிலுக்கு அடியில இருக்கு. பொறுப்பை எடுத்தேன்னு சொல்லுங்கோ, சார். சொல்லாம நான் போக முடியாது."

"சொல்லேன்டாப்பா, என்ன முழிக்கறே?" பிச்சுமணிக்கு வேடிக்கையாக இருந்தது. "கறாரான பொண்ணு!"

"எடுத்தேன்" என்றான் வெங்கிடேஷ்.

மூக்குத்தியும் மெட்டியும் நாகலக்ஷ்மியின் பீரோவில் இருந்தன. மீரா அவற்றைக் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோலத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடந்தாள்.

"பின்வாசல்னு சொன்னேளே?" என்றாள் பத்மஜா.

அப்போது சாம்பசிவனின் அறையிலிருந்து குரல் வந்தது.

"மீ... ரா."

"யாரு மீரா?"

"மூத்த மாட்டுப்பொண்" என்றாள் நாகலக்ஷ்மி அவசரமாக. "அவள்னா அவருக்கு உசுரு."

"மீரா... மீரா..."

பத்மஜாவின் கண்கள் கலங்கின. "பேச்சே போனவர் வாயில மாட்டுப்பொண் பேர் மட்டும் நிக்கறதே! எங்க ஸ்ரீலக்ஷ்மியும் இந்த ஆத்துல இப்படி ஒரு பேர் வாங்கணும், மாமி."

கூடத்தில் மெல்ல வாடை பரவத் தொடங்கியது. இரண்டு கைக்கும் ஒரே மாதிரியான அந்தக் கையுறைகளில் எது வலது, எது இடது என்று வெங்கிடேஷ் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.