எட்டு நாற்பதுக்கு எடுத்த படம்

வெள்ளம் வந்து இருபத்திரண்டு வருடம் கழித்து, வெள்ளத்தன்று காலை விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. புதிய கரை கட்டுவதற்கு, தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிய வேண்டுமாம். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார் பசை. கணினி வருவதற்கு முன் படங்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டியவர். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என் வீடு இருந்த இடம் என்னைவிட யாருக்குண்ணே தெரியும்?"

"அப்ப சரி. அழறதா இருந்தா கீபோர்டைத் தள்ளி வச்சிட்டு அழு."

அழ ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளத்தன்று நான் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். விடிகாலை ஐந்தரைக்கே வீடு இடிந்துவிட்டது, என் கணவரும் ஐந்து வயது மகளும் தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று கொழுந்தனார் சொன்னார். பக்கத்துத் தெருவில் இருந்தவர். சொந்தப் படகு வைத்திருந்தவர். தூக்கத்திலேயே என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடத்தை ஓட்டினேன்.

விமானம் ஊருக்கு மேல் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பும். அதனால் ஒரே இடம் இரண்டு மூன்று படங்களில் விழும். எது எங்கே முடிந்து எது தொடங்க வேண்டும் என்று கோடு போடுவதுதான் வேலை. ஆள், வண்டி, மாடு என்று நகர்கிற எதுவும் இல்லாத படத்தையே எடுப்போம். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் பாதி மாடு நிற்கும். படங்களின் ஓரத்தை முதல் நாளே மொத்தமாக வெட்டிவிடுவோம். கேமராவின் கடிகாரம் பதிந்திருப்பது அந்த ஓரத்தில்தான். வரைபடத்துக்கு அது தேவையில்லை.

எங்கள் தெருவுக்குக் கணினி தேர்ந்தெடுத்திருந்த படத்தில் வெறும் தண்ணீர். சரிபார்ப்பதற்காக, அது ஒதுக்கிய படத்தைத் திறந்தேன். வீடு நின்றது.

பக்கத்து வீடாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மாடிப்படிக்கு மேல் நான் போட வைத்த தகரக் கூரை, அதை ஒட்டித் தொட்டி. எங்கள் வீடேதான். மொட்டைமாடியில் இரண்டு நிழல்கள். உயரத்திலிருந்து பார்த்தால் ஆள் வெறும் புள்ளி. நிழல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று நீளம். மற்றது அதில் பாதி. சற்றுத் தள்ளி ஒரு படகு. அது தண்ணீரைக் கிழித்துப்போன வெள்ளைக் கோடு எங்கள் வீட்டருகே தொடங்கி விலகிப் போயிருந்தது.

வெட்டாத மூலப் படங்களைத் தேடி எடுத்தேன். வீடு நின்ற படத்தில் மணி எட்டு நாற்பது. தண்ணீர் மட்டும் இருந்த படத்தில் ஒன்பது ஐந்து.

"அண்ணே" என்றேன். பசை வந்து பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

கொழுந்தனாருக்கு ஃபோன் போட்டேன்.

"தம்பி, வீடு எத்தனை மணிக்குப் போச்சு?"

"என்ன அண்ணி திடீர்னு? அஞ்சரைன்னு சொன்னேனே."

"எட்டு நாப்பதுக்கு ரெண்டு பேரும் மாடியில நிக்கறாங்க. உங்க படகு திரும்பிப் போகுது. படம் என் முன்னால இருக்கு."

"படகுல எட்டுப் பேர் இருந்தோம் அண்ணி. தண்ணி படகோட விளிம்பைத் தொட்டுட்டிருந்துச்சு. அண்ணன் பாப்பாவைத் தூக்கி நீட்டினான். இவளையாவது வாங்கிக்கடான்னான். இவங்களை இறக்கிட்டு வந்துடறேன்னு சொன்னேன். வந்தேன் அண்ணி, சத்தியமா வந்தேன். வீடு இல்ல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அம்மா படகுலதான் இருந்தாங்க. திருப்புடா திருப்புடான்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. நான்தான் திருப்பல."

என் மாமியார் வெள்ளத்துக்குப் பிறகு பதினோரு வருடம் என்னோடுதான் இருந்தார். தினமும் எனக்குத் தலை வாரிவிட்டவர். என் மடியில்தான் உயிர் போனது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு பிள்ளை போன பிறகு இன்னொன்றையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையோ என்னவோ. ஃபோனைப் பிடித்திருந்த அந்த நேரத்தில் அப்படியெல்லாம் நினைக்க எனக்குத் தெம்பில்லை. வாயில் வந்தது ஒரே கேள்வி.

"பாப்பா அழுதாளா?"

"இல்ல அண்ணி," என்றார். "படகைப் பாத்ததும் கை தட்டினா. கிளம்பறதுக்குச் செருப்பைக்கூட மாட்டி வச்சிருந்தா."