பதிலுக்கு எந்த வண்டி

அஜந்தன் வண்டியை நிறுத்தமாட்டார் என்ற பேச்சு பதுளையில் பரவி இரண்டு வருடம் ஆகிறது. எல்ல வரை ஒரே மூச்சு, பண்டாரவளை வரை ஒரே மூச்சு. தேநீருக்கு இறங்கமாட்டார், மழைக்கு ஒதுங்கமாட்டார். மற்றவர்கள் கடை வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கையை உயர்த்திக் காட்டிவிட்டு அப்படியே போய்விடுவார். ‘ஊவா ரோட் கிங்ஸ்’ மோட்டார்சைக்கிள் சங்கத்தில் இதற்குத் தனி மரியாதை இருந்தது.

காரணம் மிகச் சிறியது. அஜந்தனின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவருடைய டூரிங் பைக்கில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கும்.

நிறுத்த வேண்டுமானால் இடப்பக்கம் ஏதாவது ஒரு திட்டு இருக்க வேண்டும். பதுளையில் அலுவலக வாசல்படி, வங்கிக்கு முன்னால் நடைபாதை விளிம்பு, பசறையில் வீட்டுக்குப் பக்கத்து மதகுக் கட்டு. இந்த மூன்றுக்கும் இடையில் அவர் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். மனமும் அப்படித்தான் ஓடியது. எதிரே பஸ் வந்தால் கண் திட்டைத் தேடும், மாடு வந்தால் கை ஹோர்னை விடாது, தெரிந்தவர் யாராவது “நில்லுங்க” என்று கை காட்டினால் உயிரே போகும்.

அந்த வண்டியை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் இரண்டு முறை சறுக்கிய பிறகு மூன்றாவது வழியாக வாங்கினார். மேலதிகாரி கனகசபைதான் சங்கத்தின் தலைவர்.

கனகசபை சாவகச்சேரிக்காரர். வேலைக்காக வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். சங்கத்தில் மொத்தம் பதின்மூன்று பேர். பனிமலைக்கென்று தைத்த ஜாக்கெட் எல்லோரிடமும் இருந்தது. ஐந்து வருடங்களில் அவர்கள் போன ஆகக் கூடிய தூரம் நுவரெலியா. அதிலும் இரண்டு பேர் வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். இதையெல்லாம் கனகசபை ‘பயண வரலாறு’ என்று குறிப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் அஜந்தனை அறைக்குக் கூப்பிட்டு அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டினார். ‘தாங்கள் தற்போது செலுத்தும் டூரிங் வண்டிக்குப் பதிலாக எந்த வண்டியைத் தெரிவு செய்வீர்கள்? காரணம் தருக.’

“சங்கத்துக்கு அஞ்சு வருசம், தம்பி. சிறப்பு மலர் ஒண்டு போடவேணும். உறுப்பினர்மாரின்ர உள்ளத்தில என்ன கிடக்கெண்டு உலகம் அறியவேணும். பேர் எழுதத் தேவையில்லை. பேர் இல்லாட்டித்தான் மனிசர் பெரிசா யோசிப்பினம்.”

அவர் பெரிதாக யோசித்துவிட்டார் என்பது தெரிந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில், பதுளையில் யாரும் கண்ணால் கண்டிராத ஆயிரத்து இருநூறு சிசி வண்டி ஒன்றின் படம் இருந்தது.

“படிவங்களைச் சனிக்கிழமை மடுல்சீமையில வச்சுப் பிரிப்பம். உம்மட தோட்டம்தானே. நீர்தான் முன்னுக்கு ஓடுறீர். உமக்குப் பின்னாலதான் எல்லாரும். முன்னுக்குப் போறவரை ஒருத்தரும் முந்தக் கூடாது, அது சங்கத்தின்ர விதி.”

மடுல்சீமை அஜந்தன் பிறந்த தோட்டம். அங்கே போய் எல்லோர் முன்னாலும் வண்டியை நிறுத்த வேண்டும். விழுந்தால், பிறந்த லயத்து வரிசைவீட்டுக்காரர்கள் முன்னால் விழ வேண்டும்.

“தோட்டத் தலைவர் அழகையாகிட்ட பேசுறேன் சேர். பெரட்டுக் களத்துல வரவேற்பு வைக்கச் சொல்றேன்.”

தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது. சாவகச்சேரியில் பிரட்டல் என்றால் இறைச்சிக் கறி. கனகசபை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆடு இருக்குமோ?”

“இருக்கும் சேர். ஆனா தொந்தரவு இல்ல, நாங்க பார்த்துக்குவோம்.”

“நல்லது, நல்லது,” என்றார் கனகசபை. அன்று மாலையே சங்கத்தின் வட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது: சனிக்கிழமை எவரும் காலை உணவு உட்கொள்ள வேண்டாம். அஜந்தன் அதைப் பயண ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி சுபாஜினி, குடும்பநல மாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கப் பசறையிலிருந்து மடுல்சீமைத் தோட்டங்களுக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய்வருபவள். வருடத்தில் அவள் ஓடுகிற தூரத்தைச் சங்கத்தின் பதின்மூன்று வண்டிகளும் சேர்ந்து ஓடியதில்லை. அவளிடம் ஜாக்கெட் கிடையாது. ஒரு ஸ்வெட்டர், காலடியில் ஒரு தடுப்பூசிப் பெட்டி, அவ்வளவுதான்.

“சுபா, இந்த ஒரு வாரம் வண்டிய மாத்திக்குவமா?”

“என்னத்துக்கு?”

“சும்மாதான். நீயும் பெரிய வண்டி ஓட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.”

“அந்த எருமையிலயா? புள்ளத்தாச்சி வீட்டுக்கு நான் போய் இறங்குறதுக்குள்ள புள்ள நடந்து வாசலுக்கு வந்துரும்.”

“வித்துரலாமான்னு பாக்குறேன்.”

“போன மாசமும் பாத்தீங்க. அதுக்கு முந்தின மாசமும் பாத்தீங்க.” அவள் படிவத்தை எடுத்துப் படித்தாள். “இதுலதான் கேட்டிருக்காங்கள்ல. உள்ளத எழுதுங்க. பேரும் கேக்கல.”

அஜந்தன் உட்கார்ந்தார். ‘ஸ்கூட்டி’ என்று எழுதினார். காரணம்: கால் எட்டும். எழுதி முடித்ததும் இரண்டு வருடப் பாரம் இறங்கியது போல இருந்தது. மறு நிமிடம் எழுந்து நடக்கத் தொடங்கினார். பேர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. ஆறு வருடமாகக் கனகசபை சிவப்புப் பேனாவால் திருத்துகிற கையெழுத்து. கதவுவரை போனார், சன்னல்வரை வந்தார், மறுபடி கதவுவரை போனார். பிறகு படிவத்தைக் கிழித்துவிட்டு மேலதிகமாக வைத்திருந்த இன்னொன்றை எடுத்து அழகாக எழுதினார்: ‘1200 சிசி. காரணம்: தற்போதைய வண்டி எனக்குச் சிறியது.’

சனிக்கிழமை காலை பசறையிலிருந்து மடுல்சீமைக்கு மேலே பதின்மூன்று வண்டிகள் ஏறின. அஜந்தன் முன்னால். வளைவுக்கு வளைவு அவர் கண் பாதையில் இல்லை, இடப்பக்கத்தில் இருந்தது. இங்கே ஒரு கல், அங்கே ஒரு மண்மேடு, அதோ ஒரு பஸ் தரிப்புத் திண்டு. பாதி வழியில் கொழுந்து லொறி ஒன்று குறுக்கே திரும்பியபோது காட்டுப் பக்கமாக வெட்டி, பாதையோரத் தண்ணீர்க் கானை ஏறிக் கடந்து, லொறியைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த பன்னிரண்டு பேரும், அதுதான் முறையாக்கும் என்று, கானை ஏறிச் சுற்றினார்கள்.

பெரட்டுக் களம் மேசை போலச் சமமாக இருந்தது. ஒரு கல் இல்லை. நடுவில் அழகையா மாலையோடு நின்றார். பக்கத்தில் இராக்கம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் நான்கு பேர். அஜந்தன் உள்ளே நுழைந்தார், மாலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுற்றத் தொடங்கினார்.

விதி விதிதான். பன்னிரண்டு பேரும் பின்னாலேயே சுற்றினார்கள். விருந்தாளியைச் சுற்ற வேண்டிய ஆரத்தி நடுவில் நிற்க, விருந்தாளிகள் ஆரத்தியைச் சுற்றினார்கள். இராக்கம்மா தட்டை ஏந்தியபடி தானும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார், தலை சுற்றியதும் நிறுத்திக்கொண்டார். இதுவும் நிகழ்ச்சிதான் போலிருக்கிறது என்று தப்புக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். களத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் ஓடின. வெறும் வயிற்றோடு சுற்றிக்கொண்டிருந்த கனகசபை அவற்றை ஏக்கத்தோடு பார்த்தார். இன்னும் உரிக்கவே இல்லையே.

மூன்றாவது சுற்றில் அஜந்தனின் கண்ணில் கொழுந்து மடுவம் பட்டது. ஓரத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகை. சாக்குகளை இறக்கிவைக்க இடுப்பளவுக்கு ஒரு சீமெந்துத் திண்டு. பத்து மணி நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் நேரே அங்கே போய்த் திண்டை ஒட்டி நிறுத்தினார், இடக் காலை அதன்மேல் வைத்தார், இறங்கி தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

“அஞ்சாம் லயத்து அஜந்தன் தானே,” என்றாள் ஒருத்தி. “நிறுக்கவா வந்திருக்கீங்க, தம்பி?”

“தராசுல ஏத்துங்கடி,” என்றாள் இன்னொருத்தி. “தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிங்க. சாக்குக்கு ரெண்டு கிலோ கழிங்க.” சாக்கு என்றபோது அவள் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். “தொப்பிக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணும் தேறாது. அரைப் பேருதான் போடணும்.”

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. வரிசை முழுவதும் சிரித்தது. அஜந்தன் சிரித்துவைத்தார். மற்ற வண்டிகள் நின்றன. அவர் இறங்கிய விதத்தைப் பார்த்த ஸாஹிர், சங்கத்துப் பொருளாளர், “அஜந்தன் நானா எறங்கின ஸ்டைலப் பாத்தீங்களா,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

மாலை, உரை, உரைக்குப் பதிலுரை. தேநீரும் மாரி பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. கனகசபை மடுவத்துப் பக்கம், லயத்துப் பக்கம், மறுபடி மடுவத்துப் பக்கம் பார்த்தார். பிறகு அழகையாவிடம் மெல்லக் குனிந்தார்.

“பிரட்டல் எப்ப?”

“பெரட்டு விடியக்காலயே முடிஞ்சிருச்சிங்க, ஐயா.”

கனகசபை கடைசி மாரி பிஸ்கட்டையும் எடுத்துக் கடித்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார். பசியில் இருக்கிறவர் பெட்டியைத் திறக்கிற வேகத்தில் படிவப் பெட்டியைத் திறந்தார்.

“முதலாவது: ஸ்கூட்டி. காரணம்: முன்னுக்கு லீக்ஸ் மூட்டை வைக்கலாம்.” காய்கறி விளையும் வெலிமடையிலிருந்து வந்த உறுப்பினர் வானத்தைப் பார்த்தார். “இது பகிடி. விடுவம். இரண்டாவது: மனைவியின் ஸ்கூட்டர். காரணம்: அவர் தந்தால்.” மூன்றாவது: ஸ்கூட்டி, சாரம் உடுத்துக்கொண்டே ஓடலாம். நான்காவது: ஸ்கூட்டி, பெட்ரோல். ஐந்தாவது: ஸ்கூட்டி, கால் எட்டும்.

அஜந்தன் திடுக்கிட்டார். கிழித்துப் போட்டதை யார் எடுத்து எழுதியது? சுற்றிப் பார்த்தார். ஸாஹிர் தன்னுடைய சப்பாத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்தச் சப்பாத்தின் அடி இரண்டு அங்குலக் கனம்.

ஒன்பதாவது படிவத்தைப் பிரித்த கனகசபை கொஞ்சம் தடுமாறினார். “ஸ்கூட்டி. காரணம்: நாரி நோ.”

இடுப்புவலியை நாரி நோ என்று சொல்கிறவர் சங்கத்தில் ஒரே ஒருவர்தான். பன்னிரண்டு முகங்களும் அவர் பக்கம் திரும்பின.

“ஆரோ எழுதியிருக்கினம்,” என்றார் கனகசபை.

இடையில் வந்ததெல்லாம் ஸ்கூட்டிதான். கடைசிப் படிவத்தில் அவர் குரல் எழும்பியது. “ஆயிரத்து இருநூறு சிசி. காரணம்: தற்போதைய வண்டி எனக்குச் சிறியது.” ஒலிவாங்கியைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்தினார். “கையெழுத்து எனக்குத் தெரியும். தம்பி அஜந்தன், எழும்பும். இந்தச் சங்கத்தில நீர் ஒருத்தர்தான் மிஞ்சியிருக்கிறீர்.”

அஜந்தன் எழுந்தார். கைதட்டினார்கள்.

“இண்டையிலிருந்து எல்லாப் பயணத்துக்கும் நீர்தான் தலைமை. மற்றவை என்னத்திலயும் வரட்டும். உம்மட வண்டி சின்னதெண்டு எழுதியிருக்கிறீர். என்ரையை எடும். அது இன்னும் ரெண்டு அங்குலம் உயரம். உம்மடையை நான் பிறகு பார்த்துக்கொள்ளுறன்.” தன் சாவியை எடுத்து அஜந்தனின் கையில் வைத்து மூடினார்.

இரண்டு அங்குலம். அஜந்தன் பார்த்துவைத்த திண்டுகளின் உயரமெல்லாம் தலைக்குள் ஓடின, எதுவும் போதாது. ஒலிவாங்கி இன்னும் திறந்தே இருந்தது.

“சேர்,” என்றார். “எனக்குக் கால் எட்டாது.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மடுவத்தில் தராசுத் தட்டு மட்டும் ஆடியது.

“கேட்டியளோ,” என்றார் கனகசபை, கண் கலங்கி. “கால் நிலத்தில படாத மனிசன். இதுதான் ரைடர்.”

முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். தப்பு மறுபடி தொடங்கியது. அஜந்தன் இரண்டு சாவிகளையும் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். கனகசபையின் வண்டிவரை நடந்தார், அதைத் தாண்டி நடந்தார், தன் வண்டியையும் தாண்டி நடந்தார். காலைக் கிளினிக்கை முடித்துவிட்டு வேலியோரம் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று சுபாஜினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, மாலையெல்லாம் பலமா இருக்கு.”

“போவோமா?”

“தடுப்பூசிப் பெட்டியத் திருப்பிக் குடுக்கணும். அத மடியில வச்சுக்கிறதுனா ஏறுங்க.”

அவர் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்கூட்டி களத்தை விட்டு வெளியேறும்போது பின்னால் ஒலிவாங்கியில் கனகசபையின் குரல் கேட்டது. “எங்க போறார்? ஆரும் கேளுங்கோ.” யாரும் கேட்கவில்லை. வண்டிக்காரர்கள் எல்லோரும் ஸ்கூட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது வளைவில்தான் அஜந்தனின் தொடையில் ஏதோ குத்தியது. பைக்குள் கை விட்டார்.

“சுபா. சேரோட சாவி என்கிட்ட இருக்கு. என்னோடதும் இருக்கு.”

“நிறுத்தவா?”

அஜந்தன் பாதையைப் பார்த்தார். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இடப்பக்கம், வலப்பக்கம், நடுப்பாதையிலும்கூட.

“வேணாம். போ.”

“சேரு?”

“மூணு மணிக்கு பஸ் இருக்கு.”