பத்தாவது கை

ஏழாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒரு நாள், மல்காஜ்கிரி ரயில் நிலைய மேம்பாலத்தின் பாதிப் படியில் பாமா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் விலகி ஏறிப் போனார்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து மீதிப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினாள்.

வீட்டில் கணவன் சாய்கிருஷ்ணா கேட்டான்.

“ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“வயிறு பெருசாயிருச்சுல்ல, மூச்சு வாங்குது” என்றாள்.

அவன் நம்பினான். நம்பியது அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

பாமா திண்டுக்கல்காரி. பத்து வயதில் வந்த வீசிங். தூசி, பனிக்காற்று, மிளகாய் நெடி எதுவும் ஆகாது. ஆனால் காலையும் இரவும் இன்ஹேலரில் பஃப் எடுத்தால் போதும், ஊரே அசந்துபோகிற மாதிரி ஓடுவாள். கல்லூரியில் கோ-கோ அணித் தலைவி அவள்தான். கல்யாணமாகி ஹைதராபாத் வந்து, சனத்நகரில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலையில் சேர்ந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளேதான் சொல்லிக்கொண்டாள், அந்தப் பஃப்தான் காரணம் என்று. மறுபடி நாள் தள்ளிய அன்றே, கணவனுக்குத் தெரியாமல் பஃப்பை எடுத்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘அலர்ஜி உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

அந்தச் சனிக்கிழமை, பிரசவத்துக்குத் தயாராகும் தம்பதிகளுக்கு ஆஸ்பத்திரியில் வகுப்பு. பதினோரு ஜோடிகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவள் ஹர்ஷிதா என்ற நர்ஸ். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்றிலும் ஒரே மூச்சில் பேசுவாள்.

“நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை இழுங்க. ஆறு எண்ணி விடுங்க.”

பாமாவால் இரண்டுக்கு மேல் போக முடியவில்லை. மூன்றில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. சாய்கிருஷ்ணா முதுகைத் தடவினான். அவள் குனிந்தே இருந்தாள்.

அப்போது பக்கத்துப் பாயிலிருந்த நூர் முகமது கை தூக்கினான். வாணியம்பாடியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன்.

“சிஸ்டர், என் வீட்டுக்காரிக்குக் காலைல எந்திரிச்சா இருபது தும்மல். மாத்திரை போடலாமான்னு கேக்கவே பயப்படுறா.”

அவன் மனைவி ரேஷ்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

“இதுல வெக்கம் நக்கோ, வெக்கமே வேணாம்” என்றாள் ஹர்ஷிதா. “இங்க யார் யாருக்கு அலர்ஜி இருக்கு? அம்மா மட்டும் இல்ல, அப்பாக்களும் சொல்லணும்.”

முதலில் ரேஷ்மா கை தூக்கினாள். பிறகு இறால் ஒத்துக்கொள்ளாத ஒரு வங்கி ஊழியர். தோல் தடித்துப்போகும் ஒருத்தி. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக. சாய்கிருஷ்ணாவும் தூக்கினான்.

“கத்திரிக்காய் சாப்ட்டா நாக்கு அரிக்கும்” என்று அவன் சொன்னதும் சிலர் சிரித்தார்கள்.

ஹர்ஷிதா எண்ணினாள். இருபத்திரண்டு பேரில் ஒன்பது கைகள்.

இத்தனை பேரா? ஆறு மாதமாகத் தான் மட்டுமே தூக்கிச் சுமந்ததாக நினைத்தது இந்த அறை முழுக்க உட்கார்ந்திருந்தது. பாமா கையை உயர்த்தினாள்.

“எனக்கு வீசிங். பிள்ளை உண்டானதுலருந்து பஃப் எடுக்கல. படிவத்துல பொய் எழுதுனேன்.”

சாய்கிருஷ்ணாவின் கை அவள் முதுகில் அப்படியே நின்றது.

“பஃப்பை நிறுத்துனதை என்கிட்டகூட சொல்லலையே பாமா.”

“சொன்னா எடுக்கச் சொல்லுவீங்க. போன தடவை மாதிரி ஆயிருமோன்னு பயம்.”

ஹர்ஷிதா அப்போதே அவளை மேல்மாடிக்கு, நெஞ்சுநோய் மருத்துவர் அனந்தராமனிடம் அழைத்துப்போனாள். அவர் நெடுநேரம் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். குழந்தை நன்றாக இருந்தது.

“உங்க மூச்சுலதான்மா குழந்தைக்கும் காத்து போகுது. பஃப்னால அதுக்கு ஆபத்து இல்ல. நீங்க இப்படித் திணறுறதுதான் ஆபத்து.”

“அப்ப மொதல் பிள்ளை?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்குப் பஃப் காரணமே இல்ல. நீங்களும் காரணம் இல்ல.”

இரண்டு வருஷமாக அழாத அழுகையை பாமா அந்த நாற்காலியில் அழுது தீர்த்தாள். வீட்டுக்கு வந்ததும் சாய்கிருஷ்ணா பீரோவில் பழைய பஃப்பைத் தேடி எறிந்துவிட்டுப் புதியதை அவள் கையில் கொடுத்தான். ஒரு வாரத்தில் விசில் அடங்கியது. மூன்றாம் வாரம் மேம்பாலத்தை நிற்காமல் ஏறி இறங்கினாள்.

ஜனவரியில் வலி கண்டது. வெளியே தெரு தெரியாத பனி, காலை ஆறு மணி. வருஷா வருஷம் அவளைப் படுக்கையில் தள்ளும் பனி. பிரசவ அறையில் ஹர்ஷிதா ஆக்ஸிஜனைத் தயாராக வைத்திருந்தாள். மணிக்கொருமுறை நெஞ்சைக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தது. ஒன்பது மணி நேரம். இடையில் முடியாது என்று இரண்டு முறை சொன்னாள், சாய்கிருஷ்ணாவைத் திட்டினாள், தண்ணீர் கேட்டாள். ஆனால் மூச்சு ஒருமுறைகூட அவளைக் கைவிடவில்லை. கடைசியாக, கோ-கோ மைதானத்தில் கத்துவதுபோல் கத்தி, முக்கித் தள்ளினாள்.

பெண் குழந்தை. பிறந்த வேகத்திலேயே அறை அதிர வீரிட்டது.

“ஹவ், ஆமா, இது பாமா பொண்ணுதான்” என்றான் சாய்கிருஷ்ணா, அழுதுகொண்டே.

மூன்றாம் நாள் ரேஷ்மாவும் நூர் முகமதுவும் பார்க்க வந்தார்கள். ரேஷ்மாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இப்போது தும்மல் மாத்திரையை டாக்டர் சொன்னபடி போடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

“வலி எப்படி இருந்துச்சு?” என்று பயந்து கேட்டாள்.

பாமா எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வார்டில் மற்றக் கட்டில்களுக்கும் கேட்கிற குரலில், முதல் வலியிலிருந்து ஆரம்பித்தாள்.